கேடயமும் ஆபத்தே! சாகரோவ் வாழ்வு தரும் பாடம்

வாள் பிடித்தவனைக் கண்டால் ஊர் அஞ்சும். கேடயம் பிடித்தவனைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. கேடயம் வெட்டாது, குத்தாது. தன்னைத் தாங்கியவனைக் காப்பதன்றி அதற்கு வேறு தொழில் இல்லை. ஆகவே ஒரு நாடு வாள் செய்தால் கண்டிக்கலாம், கேடயம் செய்தால் அதிலே என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்வி இன்று மறுபடியும் உலகின் முன் வந்து நிற்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு பிறப்பித்தார். தம் நாட்டை நோக்கி வரும் ஏவுகணைகளை வானத்திலேயே மடக்கி அழிக்கும் பெரும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்றார். அதற்குத் தங்கக் குவிமாடம் என்று பெயரும் சூட்டினார்கள். மே மாதத்தில் செலவும் சொன்னார்கள்: 17,500 கோடி டாலர்!

இது நல்லதா, கெட்டதா? தீர்ப்புக் கூறுமுன், இதே கணக்கை நமக்கு நெடுங்காலம் முன்பே போட்டுப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையைத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் அணுகுண்டைத் தூரத்திலிருந்து பார்த்துப் பயந்தவரல்லர். அதனினும் பன்மடங்கு கொடிய ஹைட்ரஜன் குண்டைத் தம் நாட்டுக்குச் செய்துகொடுத்தவர். அவர்தான் ஆந்திரேய் சாகரோவ்.

தோட்டா ஆலையிலே

சாகரோவ் 1921 மே 21ஆம் நாள் மாஸ்கோவிலே பிறந்தார். தந்தை பௌதிக ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். மகனும் பௌதிகம் படிக்க 1938இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு முடியுமுன் ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் பாய்ந்தது. பல்கலைக்கழகத்தை மத்திய ஆசியாவிலுள்ள அஷ்காபாத்துக்கு மாற்றினார்கள். 1942இல் அங்கே பட்டம் பெற்றார்.

மேலே படிக்க வாய்ப்பு இருந்தது. அவரோ போர்க்காலத்திலே படித்துக்கொண்டிருக்க மனமில்லாமல், வோல்கா நதிக்கரையிலுள்ள உல்யானோவ்ஸ்க் நகரத்துத் தோட்டாத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். தோட்டாவின் எஃகு உள்ளீடு சரியாகப் பதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அதுவரை சிலவற்றை எடுத்து உடைத்துப் பார்ப்பது வழக்கம். உடைக்காமலே பிழையைக் காட்டும் கருவி ஒன்றை இளைஞர் சாகரோவ் கண்டுபிடித்தார். அந்த ஆலையிலே வேலை பார்த்த கிளாவ்தியா என்ற பெண்ணை 1943இல் மணந்துகொண்டார்.

ஆயுதத் தொழில் அவருக்கு அங்கேதான் தொடங்கிற்று. அப்பொழுது அதிலே மனக்குழப்பம் ஏதுமில்லை. பகைவன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான், அவனை விரட்டத் தோட்டா வேண்டும், செய்தார். அவ்வளவுதான்.

பெயரில்லாத ஊர்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. அன்றுமுதல் சோவியத் ஆட்சியாளருக்குத் தூக்கமில்லை. அமெரிக்காவிடம் மட்டும் அணுகுண்டு இருந்தால் நம் கதி என்ன என்ற கவலை அவர்களை வாட்டிற்று. மாஸ்கோவிலே இகோர் தாம் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சாகரோவ், 1948இல் தம் ஆசிரியரோடு குண்டு வேலையில் சேர்க்கப்பட்டார். 1950இல் வரைபடத்திலே இல்லாத ஓர் ஊருக்குப் போனார். முள்வேலிக்குள் அடைந்த ஊர் அது. அங்கே கட்டடம் எழுப்பியவர்கள் கைதிகள். காலையிலும் மாலையிலும் அவர்கள் காவலோடு வரிசையாகப் போவதை விஞ்ஞானிகள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சாகரோவும் பார்த்தார். பார்த்தும் வேலை செய்தார்.

ஏன் செய்தார்? ஒருவன் கையிலே மட்டும் குண்டு இருந்தால் அவன் வீசுவான். இருவர் கையிலும் இருந்தால் இருவரும் வீசமாட்டார்கள். இதுதான் அவருடைய நம்பிக்கை. அடித்தால் அடி திரும்பி வரும் என்ற அச்சமே அமைதிக்குக் காவல் என்று அவர் எண்ணினார். அந்தக் காவல் அழகானதல்ல. ஆனால் அதைவிட நல்ல காவல் அன்று அவர் கண்ணுக்குத் தென்படவில்லை.

1953 ஆகஸ்டு 12ஆம் நாள் கஜகஸ்தான் வெட்டவெளியிலே முதல் குண்டு வெடித்தது. ஹிரோஷிமாக் குண்டைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் அதன் ஆற்றல். சாகரோவுக்கு அப்பொழுது வயது 32. அந்த ஆண்டே விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினரானார். சோஷலிச உழைப்பு வீரர் என்ற உயர்ந்த விருது அவருக்கு மூன்று முறை கிடைத்தது.

1955 நவம்பர் 22ஆம் நாள் அதனினும் பெரிய குண்டைச் சோதித்தார்கள். ஹிரோஷிமாவைப் போல் நூறு மடங்கு! அன்று வெடிப்பின் அதிர்ச்சியிலே நெடுந்தூரத்திலிருந்த ஒரு பதுங்குமிடம் இடிந்து ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தை இறந்தது. பதுங்குகுழி சரிந்து ஒரு சிப்பாயும் மாண்டான். அன்றிரவு விருந்து. முதல் வாழ்த்துரை சாகரோவுடையது. நம் குண்டுகள் என்றும் இப்படிச் சோதனை வெளியிலேயே வெடிக்கட்டும், நகரங்களின் மேல் வெடிக்க வேண்டாம் என்று அவர் வாழ்த்தினார். விருந்துக்குத் தலைமை வகித்த சேனாதிபதி நெதெலின் ஆபாசக் கதை ஒன்றைச் சொல்லிப் பதில் கொடுத்தார். குண்டு செய்வது உங்கள் வேலை, எங்கே போடுவது என்பது எங்கள் வேலை என்பதே அந்தக் கதையின் கருத்து. கூடியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். தாம் செய்த பொருளின்மீது தமக்கு உரிமை இல்லை என்பதை அந்த இரவு அவருக்கு உணர்த்திற்று.

அதன் பிறகு அவர் வாய் மூடியிருக்கவில்லை. சோதனை வெடிப்புகளின் கதிரியக்கத் தூசி இன்னும் பிறவாத குழந்தைகளையும் தாக்கும் என்று கணக்கிட்டு எழுதினார். 1961இல் சோதனைகளை மீண்டும் தொடங்க வேண்டாம் என்று குருஷேவிடம் நேரிலேயே மறுப்புத் தெரிவித்தார். விஞ்ஞானி அரசியலிலே தலையிடக் கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டார். ஆயினும் 1963இல் வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவிலே கையெழுத்தாயிற்று. அதற்காக உள்ளிருந்து குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

கேடயக் கணக்கு

இனி நம் கேள்விக்கு வருவோம்.

1961 மார்ச் 4ஆம் நாள், பறந்து வந்த ஏவுகணையின் முனையை வானத்திலேயே வேறொரு கணையால் அடித்து வீழ்த்தினார்கள் ரஷ்யர்கள். உலகிலே அதுவே முதல் முறை. விண்ணிலே ஓர் ஈ பறந்தாலும் அடித்துவிடுவோம் என்று குருஷேவ் பெருமை பேசினார். மாஸ்கோவைச் சுற்றி எதிர்க்கணைகளை நிறுத்தும் வேலை தொடங்கிற்று. அமெரிக்கரும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் ஒரு கேடயத்துக்குத் திட்டம் தீட்டினார்கள்.

அந்த நாட்களிலே பெயரில்லாத ஊரில் சாகரோவும் அவருடைய தோழர்களும் இந்தக் கேடயத்தைப் பற்றிக் கணக்குப் போட்டார்கள். இரண்டு முடிவுகள் கிடைத்தன.

முதல் முடிவு: எதிரியும் நம்மைப் போல் வசதியுள்ளவனாக இருந்தால் இந்தக் கேடயம் நிற்காது. வருகிற ஏவுகணை குண்டோடு மட்டும் வருவதில்லை. போலிக் குண்டுகளையும் பலூன்களையும் கூடவே வீசலாம். காற்றில்லாத விண்வெளியிலே பலூனும் குண்டும் ஒரே வேகத்தில்தான் போகும். ராடார் எதை அடிக்கச் சொல்லும்? மேலே ஒரு குண்டை வெடித்தாலே ராடாரின் கண் குருடாகிவிடும். கேடயத்துக்காரன் ஓர் எதிர்க்கணை சேர்க்கும் நேரத்தில், அதைவிடக் குறைந்த செலவிலே ஈட்டிக்காரன் இன்னொரு ஈட்டி சேர்த்துவிடுவான். சாதாரண வெடிமருந்து ராக்கெட்டுகள் பத்து வந்து ஒன்பதைத் தடுத்தால் அது வெற்றி. அணுகுண்டு பத்து வந்து ஒன்பதைத் தடுத்தால், ஒரு பெரு நகரம் சாம்பல்!

இரண்டாவது முடிவு இன்னும் கொடியது: நிற்காத அந்தக் கேடயமே போருக்குத் தூண்டுகோலாகும். அதெப்படி? அடைமழைக்கு ஒழுகுகிற கூரை தூறலுக்குத் தாங்கும் அல்லவா? ஒரு நாட்டிடம் ஆயிரம் ஏவுகணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரமும் ஒருசேர வந்தால் எந்தக் கேடயமும் தாங்காது. ஆனால் கேடயம் வைத்திருப்பவன் முந்திக்கொண்டு அடித்து, அந்த ஆயிரத்தில் தொள்ளாயிரத்தைத் தரையிலேயே அழித்துவிட்டால், மிஞ்சி வருவது நூறு. அந்த நூறை என் கேடயம் தடுத்துவிடும் என்று அவன் நினைக்கக்கூடும். முதலடி கொடுப்பவனுக்கு உதவுவதுபோல் தோன்றுகிற கேடயம் அது! எதிரிலிருப்பவன் இதை அறியமாட்டானா? அறிவான். அவன் முந்தப் பார்ப்பான். அல்லது ஈட்டிகளைப் பெருக்குவான். அச்சத்தினால் நின்றுகொண்டிருந்த தராசு ஆட்டம் காணும்.

ஆகவே, தனியாக நிற்கும் கேடயம் வேறு. ஈட்டி பிடித்தவன் கையிலுள்ள கேடயம் வேறு. இதைத்தான் அந்தக் கணக்கு சொல்லிற்று.

மறுக்கப்பட்ட கடிதம்

1967 ஜூன் மாதம் அமெரிக்காவிலே கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் ஜனாதிபதி ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தார்கள். கேடயப் போட்டியை இருவரும் நிறுத்துவோம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி மக்னமாரா வாதாடினார். கோசிகினுக்குக் கோபம் வந்தது. தாக்குதல் ஆயுதமே ஒழுக்கக்கேடு, தற்காப்பு எப்படித் தவறாகும் என்பது அவர் வாதம். கோசிகின் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் கோடிக்கணக்கான மக்களைப் போரிலே பறிகொடுத்த நாட்டின் பிரதமர் அவர். நாம் தொடக்கத்திலே கேட்ட நியாயமான கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

அடுத்த மாதமே சாகரோவ் தம் நாட்டுத் தலைமைக்கு இரகசியக் கடிதம் ஒன்று எழுதினார். அமெரிக்கர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் ஏற்றுக்கொள்வது நமக்கும் நல்லது என்று எடுத்துக்காட்டினார். இதுபற்றிப் பத்திரிகையிலே ஒரு கட்டுரை வெளியிடவும் அனுமதி கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை.

மக்னமாரா மட்டும் சுதந்திரமாக இருந்தாரா? அதுவும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் ஒரு கூட்டத்திலே, பெரிய கேடயம் பயனற்றது என்று நெடுநேரம் விளக்கினார். விளக்கிவிட்டு அதே பேச்சின் இறுதியில், சீனாவுக்கு எதிராகச் சிறிய கேடயம் ஒன்று கட்டப்போகிறோம் என்று அறிவித்தார்! தேர்தல் நெருங்குகிறது; கேடயம் வேண்டாம் என்று சொல்லி ஓட்டுக் கேட்க எந்தக் கட்சிக்குத் துணிவு வரும்?

1968இல் சாகரோவ் மனித குலத்தின் எதிர்காலம்பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். இந்தக் கேடயக் கணக்கும் அதிலே இடம்பெற்றது. கைப்பிரதியாகப் பரவி, வெளிநாட்டுக்குப் போய், ஜூலை மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிலே முழுதும் வெளிவந்தது. இருபதாண்டு ஆயுத வேலை அன்றோடு முடிந்தது. பெயரில்லாத ஊரின் கதவு அவருக்கு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மனைவி கிளாவ்தியா புற்றுநோயால் இறந்தார். தம் சேமிப்பு 1,39,000 ரூபிளைப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கொடுத்துவிட்டார்.

கணக்குப் பலித்தது

அவர் சொன்னது நடந்ததா? நடந்தது. மாஸ்கோவுக்குக் கேடயம் வருகிறது என்றதும் அமெரிக்கா ஒரே ஏவுகணையிலே பல குண்டுகளை ஏற்றத் தொடங்கிற்று. 1970இல் நிறுத்தப்பட்ட மினிட்மேன் ஏவுகணையில் மூன்று. மறு ஆண்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்த பொசைடன் ஏவுகணையில் பத்தும் அதற்கு மேலும். பிரிட்டனும் மாஸ்கோக் கேடயத்தைத் துளைப்பதற்கென்றே செவலைன் என்ற திட்டத்தை மறைவாக நடத்தி, நூறு கோடி பவுன் செலவிட்டது. ஒரு நகரைக் காக்கவென்று கட்டிய வேலி, அந்த நகரின் மேல் குறிவைத்த குண்டுகளைப் பெருக்கிற்று!

இறுதியில் அறிவு வந்தது. 1972 மே 26ஆம் நாள் நிக்சனும் பிரெஷ்னேவும் மாஸ்கோவிலே கேடயத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆளுக்கு இரண்டு இடம். இடத்துக்கு நூறு எதிர்க்கணை. அதற்கு மேல் கூடாது. 1974இல் அது ஓர் இடமாகக் குறைந்தது. அமெரிக்கர் வடக்கு டகோட்டாவிலே பல நூறு கோடி டாலரில் கட்டிய ஒரே கேடயம் 1975 அக்டோபரில் முழு அளவில் வேலைக்கு வந்தது. சில மாதங்களுக்குள், 1976 பிப்ரவரியில், அவர்களே அதை மூடிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சாகரோவ் சொன்னதை அரசுகள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டன. சாகரோவுக்கு நன்றி சொன்னவர் எவருமில்லை.

அவர் அதற்குள் மனித உரிமைப் போராட்டத்திலே இறங்கியிருந்தார். 1972இல் எலேனா போனரை மணந்தார். 1975இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, போய் வாங்க அனுமதி இல்லை, மனைவி வாங்கினார். ஆப்கானிஸ்தானத்துக்குள் படை போனதைக் கண்டித்ததால், 1980 ஜனவரியில் மாஸ்கோவிலிருந்து நானூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோர்க்கி நகருக்கு அப்புறப்படுத்தினார்கள். வாசலிலே போலீஸ் காவல். உண்ணாவிரதம் இருந்தபோது, கையையும் காலையும் பிடித்து வாயிலே உணவைத் திணித்தார்கள்.

அஞ்சவும் வேண்டாம்

அவர் கோர்க்கியிலே அடைபட்டிருந்த காலத்தில், 1983 மார்ச் 23ஆம் நாள் ரீகன் விண்வெளியிலே ஒரு கேடயம் அமைப்போம் என்று அறிவித்தார். அணுகுண்டையே பயனற்றதாக்குவோம் என்றார். ரீகனும் அதை மனதார நம்பியவர்தான். ஆனால் மாஸ்கோவிலே பீதி. 1986 அக்டோபரில் ஐஸ்லாந்து தலைநகர் ரேய்க்யவிக்கிலே ரீகனும் கோர்பசேவும் சந்தித்து, அணு ஆயுதங்களை அடியோடு ஒழிக்கும் பேச்சுவரை போனார்கள். விண்கேடயத்தைச் சோதனைச்சாலைக்குள் அடக்க வேண்டும் என்றார் கோர்பசேவ். முடியாது என்றார் ரீகன். பேச்சு முறிந்தது. எல்லாம் சேர்ந்தால்தான் உடன்பாடு, ஒன்று குறைந்தாலும் எதுவும் இல்லை என்பது அப்பொழுது சோவியத் நாட்டின் நிலை.

டிசம்பர் 15ஆம் நாள் இரவு சாகரோவ் வீட்டுக்குத் திடீரென்று ஆட்கள் வந்து ஒரு டெலிபோனைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் அது ஒலித்தது. பேசியவர் கோர்பசேவ். மாஸ்கோ திரும்பலாம் என்றார். சாகரோவ் நன்றி கூறிய கையோடு, சிறையிலிருக்கும் மற்றவர்களையும் விடுதலை செய்யுங்கள் என்று கேட்டார்.

திரும்பிய இரண்டே மாதத்தில், 1987 பிப்ரவரியில், மாஸ்கோவிலே நடந்த உலக அறிஞர் மாநாட்டில் அவர் எழுந்து பேசினார். தம்மை ஏழாண்டு அடைத்துவைத்த அரசைப் பழிவாங்கும் பேச்சு அல்ல அது. அமெரிக்கரைப் பார்த்து, உங்கள் விண்கேடயம் விண்ணிலே கட்டும் மாஜினோ கோட்டை என்றார். ஜெர்மானியரைத் தடுக்கப் பிரான்ஸ் கட்டிய கோட்டை வரிசையல்லவா மாஜினோ! 1940இல் ஜெர்மன் படை அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. தம் சொந்த நாட்டைப் பார்த்து அவர் சொன்னதுதான் பலருக்குக் கசந்தது: நிற்காத கேடயத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறீர்கள்? அதைக் காரணம் காட்டி ஆயுதக் குறைப்பை நிறுத்தாதீர்கள், முடிச்சை அவிழ்த்துவிடுங்கள் என்றார்.

1967இல் கேடயம் கட்டாதே என்றார். 1987இல் கேடயத்துக்கு அஞ்சாதே என்றார். இரண்டும் வெவ்வேறல்ல. ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

பிப்ரவரி 28ஆம் நாள் கோர்பசேவ் முடிச்சை அவிழ்த்தார். நடுத்தூர ஏவுகணைகளைப் பற்றித் தனியே ஒப்பந்தம் செய்யத் தயார் என்று அறிவித்தார். சாகரோவ் ஒருவர் சொன்னதால் மட்டும் அது நடந்தது என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அவர் காட்டிய வழியிலேதான் அது நடந்தது. டிசம்பர் 8ஆம் நாள் வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1991க்குள் இரு நாடுகளும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை உடைத்து எறிந்தன. ரீகனின் விண்கேடயமோ கட்டப்படாமலே 1993இல் கைவிடப்பட்டது.

சாகரோவ் 1989இல் மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், மறுநாள் பேசவேண்டிய பேச்சைப் பற்றிய எண்ணத்தோடு, தம் 68ஆம் வயதில் மறைந்தார்.

இன்றைய கணக்கு

அவர் போனார், கணக்குப் போகவில்லை. 2002 ஜூனில் அமெரிக்கா 1972 ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிற்று. வடகொரியா போன்ற நாடு ஒன்றிரண்டு ஏவுகணைகளை வீசினால் தடுக்கத்தான் என்றார்கள். அந்தக் கவலை பொய் என்று நாம் சொல்லவில்லை. 2017 முடிவுக்குள் அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் 44 எதிர்க்கணைகளை நிறுத்தினார்கள். விளைவு என்ன? 2018 மார்ச் 1ஆம் நாள் ரஷ்ய அதிபர் புதின் புதிய ஆயுதங்களை வரிசையாக அறிவித்தார். நீங்கள் ஒப்பந்தத்தை விட்டு ஓடியதற்கு எங்கள் பதில் இது என்று வெளிப்படையாகவே சொன்னார். நெளிந்து வளைந்து பறந்து கேடயத்துக்குத் தப்பும் அவன்கார்டு 2019 டிசம்பரில் பணிக்கு வந்தது. 2,692 ஏவுகணைகளை ஒழித்த ஒப்பந்தமும் அதே 2019 ஆகஸ்டில் முடிந்துபோயிற்று.

மறுபடியும் அதே கதை! கேடயம் என்றார்கள், ஈட்டி பெருகிற்று. 2025இல் 17,500 கோடி டாலருக்கு இன்னும் பெரிய கேடயம் என்றார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? உழைப்பவன் கட்டும் வரியிலிருந்து வரும். அதைத் துளைக்க எதிர்நாடு செலவிடும் பணம்? அந்த நாட்டுத் தொழிலாளி கட்டும் வரியிலிருந்து வரும். இரு பக்கமும் கொடுப்பவன் அவனே. கணக்குத் தப்பினால் முதலில் எரிபவனும் அவனே.

அச்சத்தின் காவல் நிலைத்த காவல் என்று சாகரோவ் என்றும் சொன்னதில்லை. இருபுறமும் ஈட்டிகளைக் குறைத்துக் குறைத்துத்தான் அதிலிருந்து இறங்கமுடியும் என்றார். கேடயம் ஏறிக்கொண்டே போனால் இறங்க வழியில்லை. தோட்டா ஆலையிலே, உடைத்துப் பார்க்காமலே பிழையைக் கண்டுபிடிக்கக் கருவி செய்தவர் அவர். உலகத்தை உடைத்துப் பார்க்காமலே பிழையைக் காட்டும் கணக்கையும் விட்டுச் சென்றிருக்கிறார். அந்தக் கணக்கைப் படிப்போம், பக்கத்திலிருப்பவருக்கும் சொல்வோம்.